மின்வேதி மின்னெதிர்ப்பு நிறமாலையியல்

மின்கலம், துருப்பிடிக்கும் உலோகம், வண்ணப்பூச்சு போன்றவற்றைச் சிதைக்காமலே அவற்றுள் நடப்பதை அறியும் ஆய்வக முறை. ஆய்வாளர்கள் சுருக்கமாக ‘இஐஎஸ்’ என்பர். மின்முனைக்கு 5 முதல் 10 மில்லிவோல்ட் அளவுள்ள மாறுதிசை மின்னழுத்தம் தரப்படுகிறது. அதிர்வெண்ணை ஏறத்தாழ 1,00,000 ஹெர்ட்சிலிருந்து 0.01 ஹெர்ட்ஸ் வரை குறைத்துக்கொண்டே வந்து, மின்னோட்டத்தின் அளவையும் கட்ட வேறுபாட்டையும் குறிக்கிறார்கள். விரைவான நிகழ்வுகள் உயர் அதிர்வெண்ணிலும், அயனிகள் விரவுவது போன்ற மெதுவான நிகழ்வுகள் தாழ் அதிர்வெண்ணிலும் வெளிப்படும். 0.01 ஹெர்ட்சில் ஒரு சுற்றுக்கே 100 நொடி ஆகும்.

தோற்றம்

மாறுதிசை மின்னோட்டத்துக்கு எழும் மொத்தத் தடையான மின்னெதிர்ப்பு என்னும் கருத்தை 1886இல் ஆலிவர் ஹெவிசைட் வகுத்தார். விரவலால் எழும் மின்னெதிர்ப்பை 1899இல் எமில் வார்பர்க் விளக்கினார். மின்முனை வினையை மின்தடைகளும் மின்தேக்கியும் கொண்ட இணைமாற்றுச் சுற்றாக 1947இல் ராண்டில்ஸ் காட்டினார். அச்சுற்று இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1970களில் அதிர்வெண் பகுப்பாய்வுக் கருவிகள் வந்தபின் இம்முறை பரவலாயிற்று.

இந்தியாவில்

வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார். மக்கள் நாவில் அது ‘சிக்ரி’.

பின்னாளில் அதன் இயக்குநரான கே. எஸ். ஜி. டாஸ், எச். பி. அகர்வாலுடன் சேர்ந்து 1950களின் தொடக்கத்தில் ஓர் அரிய விளைவைக் கண்டறிந்தார். மாறுதிசை மின்னோட்டம் செலுத்தினால் மின்முனையின் சராசரி மின்னழுத்தமே சற்று நகர்கிறது. அந்த நகர்விலிருந்து வினையின் வேகத்தைக் கணிக்கலாம். மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் மாறாததே இதற்குக் காரணம். இஐஎஸ் முறையில் மின்னழுத்தத்தை மிகச் சிறிதாக வைப்பதும் இந்த நேர்விகிதமின்மையைத் தவிர்க்கத்தான்.

பயன்பாடு

கான்கிரீட்டில் புதைந்த கம்பியின் அரிமானம், மின்கலத்தின் தேய்வு, பூச்சின் காப்புத்திறன் ஆகியவற்றை இம்முறையில் மதிப்பிடுகிறார்கள். உப்புக்காற்று வீசும் மண்டபம் என்னும் கடற்கரை ஊரில் சிக்ரிக்கு அரிமானச் சோதனைக்களம் உண்டு. நீரில் ஊறிய பூச்சின் மின்னெதிர்ப்பு தாழ் அதிர்வெண்ணில் சரியத் தொடங்கினால், துரு கண்ணுக்குத் தெரியுமுன்பே பாதுகாப்பு குறைந்துவிட்டதை உணரலாம்.

அளவீடுகளிலிருந்து வரையும் ஒரே வரைபடத்துக்குப் பல இணைமாற்றுச் சுற்றுகள் பொருந்தக்கூடும். எனவே வேறு சோதனைகளாலும் உறுதியான விளக்கத்தையே முடிவாகக் கொள்ள வேண்டும்.