88 கட்டைகளிலிருந்து 16 தந்திகளுக்கு

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் செடேலியா என்றொரு ரயில் ஊர். அங்கே இசைக்கடை வைத்திருந்த ஜான் ஸ்டார்க், 1899 ஆகஸ்டில் ஸ்காட் ஜாப்ளின் என்ற கறுப்பினப் பியானோ கலைஞரோடு ஒப்பந்தம் போட்டார். விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஜாப்ளினுக்கு 1 சென்ட். அப்படி அச்சேறியதுதான் 'மேப்பிள் லீஃப் ராக்'.

அதன் கட்டுமானம் எளிது. இடது கை கீழே ஒரு சுரம், மேலே ஒரு கார்டு (பல சுரங்கள் ஒன்றாக) என மாறி மாறித் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். வலது கை, அடி விழும் இடத்துக்கு முன்னும் பின்னும் அழுத்தம் கொடுத்துத் துள்ளும். இந்தப் பாணிக்கு ராக்டைம் என்று பெயர்; அதில் அமைந்த உருப்படி 'ராக்'.

இது பியானோவோடு நிற்கவில்லை. ஸ்டார்க்கே இத்தகைய ராக்குகளைச் சிறு நடனக் குழுக்களுக்காகப் பல வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதவைத்து வெளியிட்டார். அந்தத் தொகுப்புக்கு அட்டையின் சிவப்பு நிறத்தால் 'ரெட் பேக் புக்' என்று பெயர் நிலைத்தது. அதில் வயலினும் உண்டு. 1916இல் ஜாப்ளினே 'மேப்பிள் லீஃப் ராக்'கைத் தானியங்கிப் பியானோவுக்கான துளையிட்ட காகிதச் சுருளில் (பியானோ ரோல்) பதிந்தார். மறு ஆண்டு இறந்தார். பிறகு ஜாஸ் அலையில் ராக்டைம் ஒதுங்கிப்போனது. 1970இல் ஜோஷுவா ரிஃப்கினின் பியானோ இசைத்தட்டும், 1973இல் கன்தர் ஷுல்லர் பதிந்த 'ரெட் பேக் புக்' இசைத்தட்டும் அதை மீட்டெடுத்தன. இசையமைப்பாளர் வில்லியம் பால்கம், தாம் 1970இல் பியானோவுக்கு எழுதிய 'கிரேஸ்ஃபுல் கோஸ்ட்' என்ற ராக்கைப் பின்னாளில் தாமே ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டுக்கு மாற்றினார்.

ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்றால் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. 'மேப்பிள் லீஃப் ராக்'கையும் அப்படி மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். மெட்டு முதல் வயலினுக்குப் போய்விடும். சிக்கலெல்லாம் பியானோவின் இடது கைப் பகுதியில்தான். அதை மூன்று பேருக்குப் பங்கு போட வேண்டும். கீழ்ச் சுரம் செல்லோவுக்கு, கார்டு இரண்டாம் வயலினுக்கும் வயோலாவுக்கும். பியானோவின் அடிமட்டத்தைச் செல்லோ எட்டாது. அங்கே ஒரு ஸ்தாயி ஏற்றியாக வேண்டும். வில்லால் இழுத்தால் சுரம் நீண்டு தாளம் கனத்துவிடும். விரலால் சுண்டினால் துள்ளல் மிஞ்சும். மூலத்தின் ஏ ஃபிளாட் மேஜரில், விரல் வைக்காமல் ஒலிக்கும் வெற்றுத் தந்திகள் அதிகம் உதவாது. அரைச் சுரம் இறக்கி ஜி மேஜரில் எழுதினால் எல்லாமே கைகொடுக்கும். முதல் பகுதியில் கீழிருந்து மேலே ஏறும் ஓட்டத்தைச் செல்லோ தொடங்கி, வயோலா வாங்கி, வயலின் முடிக்கலாம். பியானோவில் ஒரே வீச்சாகக் கேட்டது இங்கே கைமாறிக் கைமாறி ஏறும்.

ராக்டைமை வேகமாக வாசிக்கக் கூடாது என்று ஜாப்ளின் தம் பிற்காலப் பிரதிகள் பலவற்றில் அச்சிடவைத்தார். குவார்ட்டெட்டுக்கும் அதே கட்டளைதான். அடுத்த முறை கேட்கும்போது முதல் வயலினை விட்டுவிட்டு, நடுவிலுள்ள இருவரைக் கவனியுங்கள். அவர்கள் தாளம் பிசகாமல் நின்றால்தான் மேலே மெட்டு துள்ளும்.