செத்த குரங்கு சொன்ன சேதி

1957ஆம் ஆண்டு மைசூர் மாநிலம், ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. விறகு பொறுக்கப் போனவர்களுக்கோ கடுங்காய்ச்சல். சிலருக்கு ஈறிலும் மூக்கிலும் இரத்தக் கசிவு. மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் புகுந்துவிட்டதோ என்று பூனா வைரஸ் ஆய்வு நிலையத்தார் அஞ்சினர். அச்சத்தில் நியாயம் உண்டு: தென் அமெரிக்கக் குரங்குகளை அது அப்படித்தான் கொல்கிறது. ஆனால் ஆராய்ந்தபோது அகப்பட்டது கொசுவல்ல, உண்ணி! வைரஸும் புதியது, ரஷ்யக் காடுகளின் மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு உறவு.

இதைக் கொல்லும் மருந்து இன்றும் இல்லை, வாசகரே. உடலில் நீர் குறையாமல், இரத்தப்போக்கைக் கவனித்துக் காப்பதே சிகிச்சை. 1990 முதல் போடப்பட்ட தடுப்பூசியும் பலன் போதாமல் 2022இல் நிறுத்தப்பட்டது. காட்டுக்குப் போவதானால் உண்ணி விரட்டும் எண்ணெய் பூசிக்கொள்ளுங்கள். செத்த குரங்கைக் கண்டால் நெருங்காமல் சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். குரங்கின் உடல் குளிர்ந்ததும் அதிலிருந்த உண்ணிகள் இறங்கிச் சுற்றிலும் பரவிவிடுகின்றன.