குகையில் மீண்ட பாடல்

வட்டக்கானலுக்குத் தொலைவில்லாத குணா குகை, 1991இல் வெளிவந்த 'குணா' திரைப்படத்தால் அப்பெயர் பெற்றது. அதில் வாலி எழுதி இளையராஜா இசையமைத்த கடிதப் பாடலை, 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்னும் மலையாளப் படம் 2024இல் மீண்டும் ஒலிக்கச் செய்தது. காதலுக்கெனப் பிறந்த பாடல், 2006இல் அக்குகைக் குழியில் விழுந்தவரை மீட்ட நண்பர்களின் அன்புக்குக் குரலானபோது என் கண்கள் கசிந்தன.

பாடலைப் படத்தினின்று பிரித்துக் கேட்கப் பழக்கியது வானொலியே. 1952இல் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகியபோது, இலங்கை வானொலி அவற்றை நமக்கு அளித்தது. அறுபதுகளில் படம் பாராதோரும் பாடல்களைத் தத்தம் வாழ்வோடு பொருத்திக்கொண்டனர்.

ஆயினும், தம் இசைவு பெறப்படவில்லை என்று இளையராஜா 2024இல் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினார். கேட்போர் பாடலின் பொருளைப் புதுக்கலாம்; ஆக்கியோன் உரிமையைப் போற்றுவது எடுத்தாள்வோர் கடன். கவிஞர்கள் இவ்விரண்டையும் மறத்தலாகாது.