கடல் ஜலத்தை ஆற்றிய பெண்

காபி ஆற்றுவது நமக்கெல்லாம் தெரிந்த கலை. டம்ளரை உயரத் தூக்கி டவராவில் ஊற்றி, டவராவிலிருந்து மறுபடி டம்ளருக்கு வாங்கி, ஒரு முழம் இரண்டு முழம் என்று இழுத்து ஆற்றினால் சூடும் தணியும், நுரையும் பொங்கும். கடல் ஜலத்தை இந்த மாதிரி ஆற்றிக்கொண்டு நின்ற ஒரு பெண் சரித்திரத்தில் இருக்கிறாள். லண்டன் நகரம், வருஷம் 1846. வெஸ்ட்மின்ஸ்டர் மாதாகோயிலை அடுத்த ஒரு பெரிய வீடு. திறந்த ஜன்னலுக்கு எதிரே நின்றுகொண்டு, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கும், அதிலிருந்து மறுபடி இதற்குமாக, உப்புத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றுவாள். அரை மணி நேரம். சில சமயம் முக்கால் மணி நேரம். அவள் அந்த வீட்டு வேலைக்காரச் சிறுமி. எஜமானி அம்மாள் பிற்பாடு இதைப்பற்றி எழுதியபோது, சிறுமிக்கு அது ஒரு வேடிக்கையாகவே இருந்தது என்று குறிப்பிட்டார். கை வலித்ததா என்று சிறுமியைக் கேட்டு யாரும் எழுதவில்லை. அவள் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை.

இந்தக் காலத்தில் பணமும் ஆசையும் உள்ளவர்கள் வீட்டுக் கூடத்தில் பெரிய பவளத் தொட்டி வைக்கிறார்கள். மீன் மட்டும் நீந்துகிற தொட்டி அல்ல. உயிருள்ள பவளப் பூச்சிகள் கல்லின்மேல் கொத்துக் கொத்தாய்ப் பூத்திருக்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி. ஆயிரம் லிட்டர் பிடிக்கிற தொட்டி என்றால் தண்ணீர் மட்டுமே ஒரு டன்னுக்கு மேல் கனக்கும். கண்ணாடி, கல், மணல், தாங்கும் சட்டம் எல்லாம் அதற்கு மேல். மாடியில் குடியிருப்பவர் முதலில் பார்க்கவேண்டியது மீனை அல்ல, தரையை. தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள், பார்வைக்கு மறைவாக இன்னொரு தொட்டி. மேலிருந்து வழியும் தண்ணீர் அதில் விழும். அங்கே அழுக்கு நீங்கி, ஒரு பம்பு மறுபடி மேலே தள்ளும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. வெயிலுக்குப் பதில் விளக்கு. அலைக்குப் பதில் விசிறி. தினந்தோறும் ஆவியாகிப் போகிற தண்ணீருக்கு ஈடாக நல்ல தண்ணீர்தான் விடவேண்டும். கடல் தண்ணீர் விட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும், ஏனென்றால் உப்பு ஆவியாவதில்லை. பவளம் வளர வளரத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பைத் தின்றுவிடுகிறது. அதையும் அளந்து அளந்து போடவேண்டும். இத்தனை ஏற்பாட்டுக்கும் ஒரு வமிசாவளி உண்டு. அதை மேலே தேடிக்கொண்டு போனால், அந்தப் பம்புக்கு மூதாதையாக நிற்கிறவள் ஜன்னலோரத்துச் சிறுமிதான்.

அவளுடைய எஜமானியின் பெயர் ஆன்னா தின். வெஸ்ட்மின்ஸ்டர் கோயிலில் உயர்ந்த பதவி வகித்த ஜான் தின் பிரபுவின் மனைவி. பவளம் வெயில் நாட்டுக் கடலில்தான் இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். இங்கிலாந்தின் தென்கரையிலும் ஒருவகைக் கல்பவளம் உண்டு. சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கும். 1846-ல் டார்க்கீ என்ற கடற்கரை ஊருக்குப் போயிருந்த சீமாட்டி அவற்றைக் கண்டு மயங்கிவிட்டார். ஒரு ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். எல்லாப் பக்கமும் தண்ணீர் படவேண்டுமே என்று, ஊசி நூல் கொண்டு அவற்றைப் பெரிய கடற்பஞ்சு ஒன்றில் தைத்தார். (கடல் ஆராய்ச்சியில் தையல் வேலை நுழைந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.) முதலில் இரண்டு நாளைக்கு ஒருமுறை புதுக் கடல் ஜலம் வரவழைத்து மாற்றினார். வந்த ஜலம் தீர்ந்துபோகும் நிலை வந்தபோது, இருக்கிற ஜலத்துக்கே காற்று ஊட்டினால் என்ன என்று தோன்றியது. சிறுமியின் வேலை அப்போது ஆரம்பித்தது. மறு வருஷம், 1847-ல், கடற்பாசிகளை வரவழைத்து அந்தத் தண்ணீரில் சேர்த்தார். பவளங்கள் மூன்று வருஷம் போல உயிரோடு இருந்தன, குட்டியும் போட்டன.

அந்த யோசனை ஆகாயத்திலிருந்து விழவில்லை. 1829-ல் லண்டன் வைத்தியர் நத்தானியல் வார்டு, மூடிய கண்ணாடிப் பாட்டிலுக்குள் செடி தானாக வளர்வதைக் கண்டிருந்தார். 1830-களில் ஸிஸிலித் தீவில் ழான் வில்ப்ரோ என்ற பிரெஞ்சுப் பெண்மணி கண்ணாடித் தொட்டி செய்து, கடல் பிராணிகளை அதில் வைத்துக் கவனித்திருந்தார். தையற்காரியாக இருந்து விஞ்ஞானியானவர் அவர். அவருடைய கதை தனியாகச் சொல்லவேண்டியது. 1850-ல் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர், மீனும் நீர்ச்செடியும் நத்தையும் சேர்ந்தால் தண்ணீர் கெடாது என்று எழுதி வெளியிட்டார். மீன் விடுகிற மூச்சைச் செடி வாங்கிக்கொள்கிறது, செடி விடுகிற மூச்சை மீன் வாங்கிக்கொள்கிறது, அழுகியதை நத்தை தின்கிறது. கணக்கு நேர்த்தியாக இருந்தது. பாதிதான் சரி என்பது பிறகு தெரிந்தது.

சீமாட்டி தம் அநுபவத்தை அச்சில் கொடுத்தது 1859-ல். அதற்குள் வேறொருவர் புகழைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அவர்தான் ஃபிலிப் ஹென்றி காஸ். 1853-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன் மாளிகை திறந்தபோது அதற்குப் பிராணிகள் சேகரித்துக் கொடுத்தவர். 1854-ல் ‘அக்வேரியம்’ என்ற பெயரிலேயே ஒரு புஸ்தகம் போட்டவர். கடலில்லா ஊரில் இருப்பவர்களுக்காகச் செயற்கைக் கடல் ஜலத்துக்கும் அவர் செய்முறை கொடுத்தார்: சாதாரண உப்பு, பேதியுப்பு, இன்னும் இரண்டு உப்புகள். நாலே சரக்கு. இன்று பெட்டியில் வாங்கிக் கரைக்கிற கடலுப்புக்குத் தாத்தா அதுதான். கண்ணாடிமேல் இருந்த வரியை ஆங்கில சர்க்கார் 1845-ல் எடுத்துவிட்டிருந்தது. ரயில் பாதை கடற்கரைக்குப் போய்விட்டது. காஸின் எழுத்தோ தேன். பிறகு கேட்கவேண்டுமா? சீமையில் வீட்டுக்கு வீடு தொட்டி. உளியும் சுத்தியலும் ஜாடியும் எடுத்துக்கொண்டு ஜனங்கள் கரைக்குப் படையெடுத்தார்கள். ஆயிரக்கணக்கான வருஷமாக ஒருவரும் தொடாத பாறைக் குட்டைகள் காலியாயின. காஸின் மகன் எட்மண்ட் 1907-ல் வெளியிட்ட தன் வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார்: எந்த அழகைத் தம் தகப்பனார் உலகத்துக்குக் காட்டினாரோ, அந்த அழகு காட்டியதனாலேயே அழிந்தது என்று. பிள்ளை தகப்பன்மேல் வைத்த குற்றச்சாட்டு அல்ல அது. தகப்பனாரே அந்த வேதனையை அநுபவித்தார்.

கரையில் இருந்தவை போயின. சரி, தொட்டியில் இருந்தவையாவது பிழைத்தனவா? பெரும்பாலும் இல்லை. சில வாரத்தில் தண்ணீர் கலங்கி நாற்றமெடுத்தது. 1860-களில் மோகம் ஓய்ந்துவிட்டது.

அந்த மோகத்தை நம்பிக் கடை வைத்தவர் வில்லியம் ஆல்ஃபோர்டு லாயிடு. கடல் ஜலம், மீன், தொட்டி எல்லாம் விற்றார், 1862-ல் திவாலானார். ஆனால் மனிதர் யோசிக்கத் தெரிந்தவர். தண்ணீர் கெடுவதற்குக் காரணம் அது ஒரே இடத்தில் நிற்பது என்று கண்டார். ஹாம்பர்க்கிலும், பிறகு 1871-ல் லண்டன் கிறிஸ்டல் பாலஸிலும் அவர் அமைத்த மீன்காட்சிகளில், ஜனங்கள் பார்க்கும் தொட்டிகளுக்கு அடியில் இருட்டாக, குளிர்ச்சியாக, அவற்றைவிடப் பல மடங்கு பெரிய நீர்த்தேக்கம் ஒன்று இருந்தது. நீராவி இயந்திரம் இரவு பகலாகத் தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டே இருந்தது. இன்றைய வீட்டுத் தொட்டியின் அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் இரண்டாவது தொட்டி லாயிடின் நிலவறைக்குப் பேரன். சிறுமியின் கையிலிருந்து வேலை இயந்திரத்துக்குப் போனது இப்படித்தான்.

நம் சென்னைக்கும் இதில் பங்குண்டு. 1909-ல் கடற்கரைச் சாலையில் ஒரு மீன்காட்சி திறந்தார்கள். இந்தியாவில் அதுவே முதல் என்பார்கள். ஏற்பாடு செய்தவர் மியூசியத்து எட்கர் தர்ஸ்டன். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, பவளம் எல்லாவற்றையும் நேரில் கண்டு எழுதியவர். எதிரே அலை அடிக்கிறபோது கண்ணாடிக்குள் மீனைப் பார்க்க ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள்! இரண்டாவது மகாயுத்தக் காலத்தில் அதை மூடிவிட்டார்கள்.

தண்ணீர் ஏன் கெடுகிறது என்பதன் முழு ரகசியம் மண்ணிலிருந்து வெளிப்பட்டது. மீனின் கழிவு அமோனியாவாகிறது. அமோனியா மீனுக்கே விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றித் தின்று ஜீவிக்கும் நுண்ணுயிர்கள் உண்டு என்று 1890-ல் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி கண்டுபிடித்தார். அவர் பார்த்தது மண்ணில் உள்ளவற்றை. தொட்டிக்கும் அதே கதைதான். வாரிங்டன் கணக்கில் விட்டுப்போன மறுபாதி இதுதான். புதுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிய அன்றே மீனை விடக்கூடாது, சில வாரங்கள் வெறுமனே ஓடவேண்டும் என்பதற்குக் காரணம் இந்தக் கண்ணுக்குத் தெரியாத குடித்தனக்காரர்கள் முதலில் குடியேறவேண்டும் என்பதே. அவசரக்காரனுக்கு இந்தக் கலை வராது.

இருந்தும் நெடுங்காலம் வரையில் வீட்டுத் தொட்டிகளில் பவளம் என்றால் செத்த பவளந்தான். வெளுத்துக் காயவைத்த எலும்புக்கூட்டை அலங்காரத்துக்கு வைத்து, அதைச் சுற்றி மீனை ஓடவிட்டார்கள். அந்த நிலையை மாற்றியவர் ஜகார்த்தாவில் இருந்த லீ சின் எங். அவர் செய்தது மிகவும் எளியது. கடலுக்குள்ளிருந்து, மேலே ஒட்டிய பாசியும் புழுவும் பஞ்சும் நுண்ணுயிரும் அப்படியே இருக்க, கல்லைக் கொண்டுவந்து கடல் ஜலத்தில் போட்டார், ஒரு சின்னக் குழாய் வழியே காற்றுக் குமிழி விட்டார், வெயில் படவிட்டார். அவ்வளவுதான். பவளம் பிழைத்தது. 1961-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் இதை எழுதினார். சுத்தம் செய்கிற வேலையைக் கல்லே பார்த்துக்கொள்கிறது என்பதை அன்றைக்கு நம்பியவர்கள் குறைவு. கடற்கரையும் வெயிலும் பக்கத்தில் உள்ள ஆசாமிக்கு என்ன, நம் ஊரில் நடக்குமா என்று விட்டுவிட்டார்கள்.

நடத்திக் காட்டியது பெர்லின். கடலே இல்லாத ஊர்! 1970, 80-களில் அந்த ஊர்க்காரர்கள் உயிருள்ள கல், பலத்த விளக்கு, நுரை வடிக்கும் குழாய் என்று மூன்றையும் சேர்த்தார்கள். விளக்கு எதற்கு என்றால், பவளப் பூச்சியின் உடம்புக்குள்ளேயே நுண்ணிய பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் அது சமைத்துப் போடுவதைத்தான் பூச்சி சாப்பிடுகிறது. நுரை? அலை மோதும் கரையில் பழுப்பாய் நுரை ஒதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரோடு காற்றைக் கடைந்தால் கழிவெல்லாம் குமிழியில் ஒட்டி மேலே வந்துவிடும், வழித்து எறிந்துவிடலாம். மறுபடி ஆற்றுகிற வேலைதான்.

அங்கே ஸ்டூபர் என்பவர் வளர்த்த கிளைப்பவளம் ஒன்று பேர்போனது. முருங்கைக் கொம்பை ஒடித்து நட்டால் தழைக்கிறதல்லவா? கிளைப்பவளமும் அப்படியே. அவர் ஒடித்துக் கொடுத்த துண்டு கைக்குக் கை மாறி ஐரோப்பாவெங்கும் பரவியது. என்னைக் கேட்டால் இந்தச் சரித்திரத்தில் பெரிய திருப்பம் இதுதான். கடலிலிருந்து பெயர்க்காமலே ஒருவன் தொட்டியை நிரப்பலாம் என்று அன்று தெரிந்தது.

தெரிந்தபடி எல்லோரும் நடந்தார்கள் என்று சொல்ல வழியில்லை. பிலிப்பைன்ஸ் கடலில் 1960-களிலிருந்தே அலங்கார மீன் பிடிக்க ஸயனைடைப் பீச்சினார்கள். மீன் மயங்கும், கையில் அகப்படும். பின்னால் பவளம் சாகும். மயங்கிய மீன்களிலும் பல, வாங்கியவன் வீட்டில் கொஞ்ச நாளில் செத்தன. பீச்சியவன் ஏழை மீனவன். வாங்கியவன் எங்கேயோ இருந்த பணக்காரன். காஸ் காலத்துக் கரையில் உளி பிடித்தவர்களாவது தங்கள் கையால் செய்ததைத் தங்கள் கண்ணால் பார்த்தார்கள்.

நம் பக்கத்தில் கதை வேறு. தூத்துக்குடியார் கடலடிப் பாறையைப் ‘பார்’ என்பார்கள். அங்கே பவளத்தைப் பெயர்த்து எடுத்தது சுண்ணாம்புக்காக. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 2001-ல் கல்பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. புலிக்கு உள்ள காவல் அவற்றுக்கும் உண்டு. அங்கே கடலில் இறங்கித் துண்டு ஒடித்து வந்து வீட்டுத் தொட்டியில் நடுகிறவன் ஜெயிலுக்கும் தயாராக இருக்கவேண்டும்.

கடைசியாக மறுபடி லண்டன். கிறிஸ்டல் பாலஸ் இருந்த இடத்திலிருந்து அதிக தூரமில்லாத ஹார்னிமன் மியூசியத்தில், பவளத்தை ஒடித்து நடாமல், கடலில் நடப்பதுபோல் முட்டையே இடவைக்க முயன்றார்கள். பவளங்கள் வருஷத்தில் குறிப்பிட்ட சில இரவுகளில், பௌர்ணமியைக் கணக்கு வைத்து, ஒன்றாக முட்டை விடுகின்றன. எனவே தொட்டிக்குள் ஒரு கடலின் பருவங்களையே நடத்திக் காட்டினார்கள்: அந்தந்த மாதத்துச் சூடு, சூரியன் எழும் நேரம், விழும் நேரம், சின்ன விளக்கால் வளர்பிறை, தேய்பிறை. பவளங்கள் ஏமாந்தன, உரிய மாதத்தில் முட்டையிட்டன. 2017-ல் முறையை வெளியிட்டார்கள். அவர்கள் துணையோடு அமெரிக்காவில் ஃப்ளோரிடா மீன்காட்சியகத்தார் தூண்பவளத்துக்கு இதையே செய்தார்கள். ஃப்ளோரிடாக் கடலில் நோய் வந்து அந்த ஜாதி அநேகமாக அற்றுப்போய்க்கொண்டிருந்தது. மிஞ்சியவற்றில் சிலவற்றை எடுத்துவந்து தொட்டியில் காப்பாற்றி வைத்திருந்தார்கள். 2019 ஆகஸ்டில், விளக்கு நிலா தேயத் தொடங்கிய இரவுகளில், அவை முட்டையிட்டன. ஆயிரக்கணக்கான குஞ்சுகள் நீந்தின.