கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு: சிகிச்சையும் பராமரிப்பும்

ஏ.டி.எச்.டி. என்ற சுருக்கப்பெயரால் பரவலாக அறியப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு, மூளை வளர்ச்சியோடு தொடர்புடையது. கவனம் நிலைக்காமை, ஓயாத துறுதுறுப்பு, யோசிக்காமல் சட்டெனச் செயல்படுதல் ஆகியவை இதன் முதன்மை அடையாளங்கள். குழந்தைகளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரிடம் காணப்படும் இக்கோளாறு, பலருக்கு வளர்ந்த பின்பும் தொடர்கிறது. இதில் மரபின் பங்கு பெரிது. பெற்றோர் கொடுத்த செல்லம் இதற்குக் காரணமல்ல. இதை வேரோடு நீக்கும் மருந்து இல்லை. படிப்பிலும் வேலையிலும் உறவிலும் இது உண்டாக்கும் இடர்ப்பாட்டைக் குறைப்பதே சிகிச்சையின் நோக்கம்.

கண்டறிதல்

இதைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பெற்றோரும் ஆசிரியரும் சொல்வதைக் கேட்டு, குழந்தையை நேரில் பார்த்தே மருத்துவர் முடிவுசெய்கிறார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டின்படி, கவனக்குறைவு, மிகையியக்கம் என்ற இரு பட்டியல்களில் ஒன்றிலாவது 6 அறிகுறிகள் ஆறு மாதமேனும் நீடித்திருக்க வேண்டும். 17 வயது முதல் 5 போதும். அறிகுறிகள் பலவும் 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். வீட்டில் மட்டுமின்றிப் பள்ளி போன்ற வேறோர் இடத்திலும் தெரிய வேண்டும். காது மந்தம், பார்வைக் குறை, தூக்கமின்மை, கற்றல் குறைபாடு, பதற்றம் ஆகியவையும் இதே தோற்றம் தரக்கூடும் என்பதால் அவற்றையும் சோதிப்பது அவசியம். சேட்டை எதுவும் செய்யாமல் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பிள்ளை, குறிப்பாகப் பெண் குழந்தை, எவர் கண்ணிலும் படாமல் போவதுண்டு.

வீடும் பள்ளியும்

ஆறு வயதுக்கு உட்பட்டோருக்கு முதல் சிகிச்சை, மருந்தல்ல; பெற்றோருக்கான பயிற்சியே. “குளிச்சுட்டு, யூனிஃபார்ம் போட்டுட்டு, டிபன் பாக்ஸை எடுத்து வை” என்று ஒரே மூச்சில் சொன்னால், குளித்து முடிப்பதற்குள் மற்ற இரண்டும் மறந்துவிடும். அருகில் சென்று, முகம் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லப் பெற்றோர் பழகுகிறார்கள். செய்து முடித்த உடனே பாராட்டு. சுவரில் ஒட்டிய அட்டையில் ஒரு நட்சத்திரம். இத்தனை நட்சத்திரம் சேர்ந்தால் பிடித்த விளையாட்டு. மாதக் கடைசியில் தருவதாகச் சொல்லும் பெரிய பரிசைவிட, உடனே கிடைக்கும் சிறு பரிசுக்கு இக்குழந்தைகளிடம் பலன் அதிகம். அடியும் திட்டும் உதவுவதில்லை.

வகுப்பில் முன்வரிசை இருக்கை, இருபது கணக்குகளை ஐந்து ஐந்தாகப் பிரித்துத் தருதல், நடுவே எழுந்து நடக்க வாய்ப்பு, அன்றாட நடத்தையைக் குறித்து வீட்டுக்கு அனுப்பும் அட்டை ஆகியவை பயன் தருகின்றன. சட்டப்படி சலுகை கோரும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை, கற்றல் குறைபாடு இருக்கிறது.

மருந்துகள்

மருந்துச் சிகிச்சை தற்செயலாகப் பிறந்தது. அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் குழந்தைகள் மனநல இல்லம் ஒன்றை நடத்திய மருத்துவர் சார்லஸ் பிராட்லி, மூளைப் பரிசோதனைக்குப் பின் வரும் தலைவலிக்காகப் பென்செட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்தார். வலி தீரவில்லை, ஆனால் பிள்ளைகள் பாடத்தில் ஊன்றி அமர்ந்தார்கள். அவர்களே அதைக் ‘கணக்கு மாத்திரை’ என்றார்களாம். 1937இல் பிராட்லி இதைக் கட்டுரையாக வெளியிட்டார். இன்று அதிகம் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட்டை 1944இல் ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவன வேதியியலாளர் லியாண்ட்ரோ பானிட்சோன் உருவாக்கினார். ‘ரிட்டலின்’ என்ற வணிகப்பெயர் அவர் மனைவி ரீட்டாவின் பெயரிலிருந்து வந்தது.

மெத்தில்ஃபெனிடேட், மூளையில் டோபமின், நார்எபிநெஃப்ரின் ஆகிய நரம்புக் கடத்திகள் நரம்பணுக்களால் மீண்டும் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. சாதாரண மாத்திரை ஏறத்தாழ 4 மணி நேரம் வேலை செய்யும். மெல்லக் கரையும் வகை பள்ளி நேரம் முழுவதும் நிற்கும். தொடங்கும் முன் எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், குடும்பத்தில் இதயநோய் உண்டா என்பவை பார்க்கப்படுகின்றன. குறைந்த அளவில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டுவது வழக்கம். பசி குறைவதும் தூக்கம் தள்ளிப்போவதும் பொதுவான பக்கவிளைவுகள். மாத்திரைக்கு முன்பே வயிறாரக் காலை உணவு தருவது நல்லது. மெத்தில்ஃபெனிடேட் ஒத்துவராதவர்களுக்கு அடோமோக்ஸெடின், குளோனிடின் போன்றவை உண்டு; அடோமோக்ஸெடினின் முழுப் பலன் தெரியப் பல வாரம் ஆகும். இந்தியாவில் மெத்தில்ஃபெனிடேட் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. மருத்துவர் சீட்டின்றி வாங்கக் கூடாது.

வட அமெரிக்காவில் 579 குழந்தைகளை 14 மாதம் கவனித்து 1999இல் வெளியான எம்.டி.ஏ. ஆய்வில், கவனமாக அளவு பார்த்துத் தந்த மருந்து, முதன்மை அறிகுறிகளை நடத்தைப் பயிற்சியைவிட நன்றாகக் குறைத்தது. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்குக் குறைந்த மருந்தளவே போதுமானதாக இருந்தது.

வயதுவந்தோர்

வளர்ந்தவர்களிடம் ஓட்டமும் துள்ளலும் அடங்கி, உள்ளுக்குள் ஓர் அமைதியின்மையாக மாறிவிடும். கட்டத் தவறிய மின்கட்டணம், பாதியில் நிற்கும் வேலைகள், எங்கோ வைத்த சாவி எனத் தொல்லை தொடரும். மருந்தே இவர்களுக்கும் முதன்மைச் சிகிச்சை. அதோடு அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, வேலையைச் சிறு படிகளாக உடைக்கவும் எல்லாவற்றையும் ஒரே நாட்குறிப்பில் எழுதவும் பழக்குகிறது. பதற்றமோ மனச்சோர்வோ உடனிருந்தால் அதற்கும் தனிச் சிகிச்சை தேவை. பிள்ளையைக் காட்டவந்த இடத்தில் தமக்கும் இதே கோளாறு இருப்பதை அறியும் பெற்றோர் உண்டு.

பிற வழிகளும் தொடர் கவனிப்பும்

சர்க்கரையை நிறுத்தினால் துறுதுறுப்பு அடங்கும் என்பதற்கு ஆதாரமில்லை. மீன் எண்ணெயின் பயன் மிகச் சிறிது. உடற்பயிற்சியும் ஒழுங்கான தூக்கமும் துணை செய்யுமே தவிர, சிகிச்சைக்கு மாற்றாகா. மருந்து உட்கொள்ளும் குழந்தையின் உயரம், எடை, ரத்த அழுத்தம் ஆகியவற்றை ஆண்டு முழுவதும் இடைவெளிவிட்டு அளக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது, மருந்து இன்னும் தேவையா என்பதை மருத்துவர் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.