செப்பேடு முதல் சிறப்புப் பேருந்து வரை: புதுவைக் கிராமங்களில் பெண்கல்வியின் செலவு

கல்விக்குச் செலவு உண்டு, அதை ஊர் ஏற்க வேண்டும் என்ற எண்ணம் புதுவைக் கிராமங்களுக்குப் புதிதல்ல. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வெளியிடப்பட்ட பாகூர்ச் செப்பேடு இதற்குச் சான்று. பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்களின் வருவாய் அதில் தானமாக விடப்பட்டது. கற்பவனும் கற்பிப்பவனும் உண்ண வேண்டும், அந்தச் சோறு நிலத்திலிருந்து வர வேண்டும் என்று அன்று கணக்கிட்டவர்கள் தெளிவானவர்கள். ஆனால் அந்தச் சோறு வேதம் கற்ற அந்தணர்களுக்கு மட்டுமே சென்றது. அந்த வருவாய்க்காக வயலில் நாற்று நட்ட பெண்ணின் மகளுக்கு அங்கே இடமில்லை.

பெண்கல்வியைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் மனப்பான்மையைப் பற்றியதாகவே நடக்கிறது. பெற்றோர் திருந்த வேண்டும், சமூகம் மாற வேண்டும் என்பார்கள். கொம்யூன் எனப்படும் ஊராட்சிப் பகுதிகளான புதுவையின் வில்லியனூர், பாகூர் ஆகியவற்றின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. பெண் படிப்பதால் வரும் செலவைக் குடும்பத்தின் தோளிலிருந்து யாரேனும் இறக்கி வைத்தபோதெல்லாம் பெண்கள் படித்திருக்கிறார்கள். மனப்பான்மை பெரும்பாலும் அதன் பின்னால்தான் வந்தது.

1827இல் குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் புதுச்சேரிக்கு வந்தனர். அவர்கள் பணி நகரத்தைச் சார்ந்தே நின்றது. தமிழ்ச் சிறுமியருக்கென்று தனி முயற்சி தொடங்கியது 1844இல். பாரீஸ் வெளிநாட்டு மறைப்பணிச் சபையைச் சேர்ந்த லூயி சவினியன் துய்ப்புயி அடிகளார், உள்ளூர்ப் பெண்களையே கொண்டு மரியின் மாசற்ற இருதயச் சபையை நிறுவினார். எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்றாலே தேவதாசி என்று எண்ணிய காலம் அது. கூலி வாங்காமல் கற்பிக்கும் பெண் ஆசிரியர்கள் கிடைத்ததும், 'மகளை ஆண் வாத்தியாரிடம் அனுப்புவதா' என்ற தயக்கமும் கட்டணச் சுமையும் ஒருசேரக் குறைந்தன. மதம் பரப்பும் நோக்கம் அதில் இருந்தது உண்மை. ஆனாலும் தமிழ்ப் பெண்ணே ஆசிரியராக நிற்கும் வகுப்பறை உருவானது பெரிய மாற்றம். அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல இடமில்லை.

பள்ளியில் உணவு வழங்கும் வழக்கமும் புதுவையில் தொன்மையானது. பிரெஞ்சு ஆட்சி 1930இலேயே மதிய உணவைத் தொடங்கியது. ஏழைக் குடும்பத்தில் ஒரு வேளைச் சோறு மிச்சம் என்பது மகளைப் பள்ளிக்கு அனுப்பப் போதுமான காரணம். நடவுக் காலத்தில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்படுபவள் அவள்தான் என்பதால், அவளது பள்ளி நாளுக்கு ஈடாக ஏதேனும் வீட்டுக்குக் கிடைக்க வேண்டியிருந்தது.

தொடக்கப் பள்ளி ஊருக்குள் இருக்கும்வரை இந்த ஏற்பாடு போதும். சிக்கல் வயதுக்கு வந்த பிறகு தொடங்குகிறது. உறுவையாறு போன்ற சங்கராபரணிக் கரையோரச் சிற்றூர்களுக்கு மேல்வகுப்பு என்றால் வில்லியனூர். பட்டப்படிப்பு என்றால் நகரம். 1968இல் தொடங்கப்பட்ட பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரி பாகூரிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் இருக்கிறது. புதுச்சேரிப் பகுதியே ஒட்டுத்துணிபோலக் கடலூர், விழுப்புரம் மாவட்ட ஊர்களுக்கிடையே சிதறிக் கிடப்பதால் பேருந்துத் தடங்களும் நேராக அமைவதில்லை. இருட்டிய பிறகு மகள் எப்படித் திரும்புவாள் என்ற ஒரு கேள்வி, பல வீடுகளில் படிப்பை முடித்து வைக்கப் போதுமானது. அந்த அச்சத்தைப் பிற்போக்கு என்று ஒதுக்குவது எளிது, நியாயமல்ல.

தொலைவு எவ்வளவு தீர்மானகரமானது என்பதைப் பீகார் அளந்து காட்டியது. 2006இல் அம்மாநில அரசு ஒன்பதாம் வகுப்புச் சிறுமியருக்கு மிதிவண்டி வாங்கப் பணம் தந்தது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் செய்த ஆய்வின்படி, உயர்நிலைப் பள்ளியில் சிறுமியர் சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்தது. ஆண், பெண் இடைவெளி 40 விழுக்காடு சுருங்கியது. பள்ளி 3 கி.மீ.க்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் மிகுதி. புதுச்சேரி அரசு ஒரு ரூபாய்க் கட்டணத்தில் ஓட்டிய மாணவர் சிறப்புப் பேருந்தும் இதே தர்க்கத்தைச் சேர்ந்தது. பேருந்தில் பத்துப் பேராகப் போய்வரும் சிறுமியரின் குடும்பங்களுக்குப் பணம் மிச்சமாவதோடு, ஊர்ப்பேச்சும் அடங்குகிறது.

இச்செலவைப் பொதுப்பணம் ஏன் ஏற்க வேண்டும் என்பதற்கு உலக அளவில் வலுவான விடை உண்டு. 1970க்கும் 2009க்கும் இடையே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இறப்பில் ஏற்பட்ட குறைவில் பாதிக்கு மேல் பெண்களின் கல்வி உயர்வோடு தொடர்புடையது என்று 2010இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. தடுப்பூசி அட்டையைப் படிக்கவும், மருத்துவமனையில் தயங்காமல் கேள்வி கேட்கவும் தெரிந்த தாய் செய்யும் வேலை அது. 2021 முதல் ஆப்கானிஸ்தானில் ஆறாம் வகுப்புக்கு மேல் சிறுமியர் தடுக்கப்பட்டிருப்பதன் இழப்பும் அடுத்த தலைமுறைக் குழந்தைகளின் உடலில்தான் தெரியும்.

புதுச்சேரியில் பெண் எழுத்தறிவு 2001இல் 73.9 விழுக்காடு, 2011இல் 80.7, நாட்டின் சராசரி அப்போது 64.6தான். பாட்டிமாரும் சேர்ந்த கணக்கு இது என்பதால் இளம்பெண்களின் நிலை இன்னும் மேலானது.

இங்கே ஒரு மறுப்பை நேராக எதிர்கொள்ள வேண்டும். 'படிக்க வைத்தால் அதைவிடப் படித்த மாப்பிள்ளை தேட வேண்டும், சீரும் கூடும்; வேலையோ கம்பெனி வேலைதான்' என்று பெற்றோர் சொல்வது வெறும் சாக்கு அல்ல. பிளஸ் 2 முடித்தவளும் பட்டம் பெற்றவளும் தொழிற்பேட்டை வேனில் ஒரே இருக்கையில் அமர்ந்து செல்லும்போது, கூடுதல் மூன்று ஆண்டு எதற்கு என்ற கேள்வி எழும். படித்த பெண்ணுக்கு ஊரிலேயே மதிப்புள்ள வேலை இருந்தால் என்ன ஆகும் என்பதை 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாகக் கொண்டு தொடங்கிய தகவல் கிராமத் திட்டம் காட்டியது. அத்திட்டம் நடந்த ஊர்களில் ஒன்றான எம்பலத்தில் கோயில் வளாக அறையில் கணினியை இயக்கியவர்கள் பள்ளிப்படிப்பு மட்டுமே பெற்ற ஊர்ப்பெண்கள். நெல் விலையையும் அரசுத் திட்ட விவரங்களையும் கேட்டு ஆண்கள் அவர்களிடம் வந்தனர்.

எனவே இக்கொம்யூன்களில் இனி எடுக்க வேண்டிய கணக்கு எழுத்தறிவு விகிதம் அல்ல. பத்தாம் வகுப்புத் தேறிய சிறுமியரில் எத்தனை பேர் விரும்பிய பாடப்பிரிவில் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தனர், மாலைச் சிறப்பு வகுப்பு முடியும் நேரத்தில் எந்த ஊருக்குப் பேருந்து இல்லை, பட்டம் பெற்றவர்களில் எத்தனை பேருக்குப் படிப்புக்கேற்ற ஊதியம் கிடைத்தது என்ற மூன்றையும் ஊர்வாரியாக எடுத்து, கொம்யூன் பஞ்சாயத்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வருவாய் எந்த ஊரிலிருந்து யாருக்குச் செல்கிறது என்பதைச் செப்பேட்டில் எழுதிய பகுதிக்கு இது இயலாத வேலையல்ல.