ரோட்டேட்டர் கஃப் அறுவை சிகிச்சைக்குப் பின் தோள் இறுக்கம்: அவசரமும் கூடாது, அலட்சியமும் கூடாது

ஹைதராபாத்: தோளில் கிழிந்த தசைநாணைத் தைத்துச் சீரமைத்த பிறகும் கையை உயர்த்த முடியவில்லையே என்ற கவலை பலருக்கு எழுகிறது. தலை வாரவும், கையை முதுகுப்புறம் கொண்டு செல்லவும் தடையாகும் இந்த இறுக்கம், பெரும்பாலும் சிகிச்சை தோல்வியுற்றதன் அடையாளம் அன்று.

ரோட்டேட்டர் கஃப் என்பது என்ன?

தோள்பட்டை எலும்பிலிருந்து புறப்பட்டு, மேற்கை எலும்பின் தலைப்பகுதியைப் பற்றியிருக்கும் நான்கு தசைகளும் அவற்றின் தசைநாண்களும் சேர்ந்ததே ரோட்டேட்டர் கஃப். கையைத் தூக்கவும் சுழற்றவும் இது உதவுகிறது. இத்தசைநாண் கிழிசலைத் தைத்துச் சீரமைத்ததை 1911-ஆம் ஆண்டு பதிவு செய்த அமெரிக்க மருத்துவர் எர்னஸ்ட் காட்மன், 'உறைந்த தோள்' என்ற பெயரை 1934-இல் வழங்கினார்.

இறுக்கம் ஏற்படுவது ஏன்?

தைத்த தசைநாண் எலும்புடன் இணைவதற்காக, கையைப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஸ்லிங்கில் வைக்கின்றனர். அக்காலத்தில் மூட்டைச் சூழ்ந்த உறை தடித்துச் சுருங்கக்கூடும், வடுத்திசுவும் உருவாகலாம். நீரிழிவு, தைராய்டு கோளாறு உள்ளோருக்கும், முன்பே தோள் இறுகியிருந்தோருக்கும் இதற்கான வாய்ப்பு அதிகம். இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. எனவே, அறுவை சிகிச்சைக்கு முன்பும் பின்பும் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைத்தல் இன்றியமையாதது.

செய்ய வேண்டியவை:

தொடக்க வாரங்களில் விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றை அசைக்கலாம். பின்னர் இயன்முறை மருத்துவரின் துணையுடன் தோளை மெல்ல அசைக்கத் தொடங்கி, தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சிகளைப் பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குப் பிறகே மேற்கொள்ள வேண்டும். கிழிசலின் அளவைப் பொறுத்து இக்கால அளவு மாறும். வலியைப் பொருட்படுத்தாமல் கையை வலிந்து உயர்த்துவதும், எண்ணெய் தடவி அழுத்தி நீவுவதும் தையலைப் பிரித்துவிடக்கூடும். வலிக்கு அஞ்சிப் பயிற்சியைக் கைவிட்டாலோ இறுக்கம் நீடிக்கும்.

மருத்துவரை அணுகும் நேரம்:

பெரும்பாலோருக்கு 6 முதல் 12 மாதங்களில் இறுக்கம் தளர்கிறது. அதன் பின்னரும் நீடித்தால், நுண்துளை வழியாக மூட்டு உறையைத் தளர்த்தும் சிகிச்சை உண்டு. காய்ச்சல், காயத்தில் சீழ், கையில் வீக்கம், திடீர் வலியுடன் வலுவிழப்பு ஆகியவை தோன்றினால் காத்திருத்தல் ஆகாது. உடனே அறுவை சிகிச்சை செய்த மருத்துவரை அணுக வேண்டும்.